பிறர் குரலில் பாடிப் பார்த்தல்: அனிமே முகப்புப் பாடல்களும் பயில்முறைப் பாடகரின் பாத்திரக் குரற்பாவனையும்

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானிய அசைவுப்படத் தொடர்களின் (அனிமே) முகப்புப் பாடல்களைக் கதைமாந்தரின் குரலிலேயே பாடும் வழக்கம், பாடலைத் தொழிலாகக் கொள்ளாத பயில்முறைப் பாடகரிடையே அந்நாட்டில் வேரூன்றியுள்ளது. இதனை வெறும் நகலெடுப்பு எனக் கொள்வது பொதுக்கருத்து. ஆனால் முகப்புப் பாடல்களுட் பெரும்பாலானவை கதைமாந்தரின் குரலில் முதலில் பாடப்பட்டவையே அல்ல. ஆகவே, பயில்முறைப் பாடகர் உருவாக்கியது மூலம் இல்லாத ஒரு பாவனை. எடோ காலக் குரற்பாவனை மரபு தொடங்கி அண்மைக்காலக் குரலுரிமை வழக்காறுகள் வரை இப்பாவனையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அனிமே, முகப்புப் பாடல், குரல் நடிகர், கரோக்கி, போலச்செய்தல், குரலுரிமை.

முன்னுரை

ஜப்பானிய மொழியில் 'உதத்தெ மித்தா' என்றொரு தொடர் வழங்குகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பாடிப் பார்த்தேன்' என்பது அதன் பொருள். 'மிரு' என்னும் ஜப்பானிய வினை காணுதலைக் குறிப்பது. பிறிதொரு வினையின் எச்சத்தை அடுத்து வருங்கால் முயன்று பார்த்தலைக் குறிக்கும். தமிழில் 'பார்' என்னும் வினை 'உண்டு பார்த்தான்', 'கேட்டுப் பார்த்தாள்' என்று துணைவினையாக நின்று தரும் பொருளும் இதுவே. இவ்வொப்புமையைச் சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ் – ஜப்பானிய உறவுக் கருதுகோளுக்குச் சான்றாக இழுக்க வேண்டியதில்லை. ஒரு தமிழ் வாசகர், வேற்றுமொழித் தொடரொன்றின் பணிவை விளக்கம் இன்றியே உணர்ந்துகொள்ள இது துணைசெய்கிறது என்பது போதும். 'பாடினேன்' என்பவர் தம்மைப் பாடகராக நிறுத்துகிறார். 'பாடிப் பார்த்தேன்' என்பவரோ தம்மை அவ்வாறு நிறுத்திக்கொள்ளாமல், கேட்பவரின் பொறுமையையும் வேண்டுகிறார்.

2006 டிசம்பரில் தொடங்கப்பட்ட நிக்கோ நிக்கோ தோகா என்னும் ஜப்பானியக் காணொளித் தளத்தில், அடுத்த ஆண்டிலிருந்து இத்தொடர் ஒரு வகைப்பெயராகவே நிலைத்தது. அவ்வகையின் உட்பிரிவாக 'கொயெமனே' வளர்ந்தது. 'கொயெ' குரல்; 'மனே' போலச்செய்தல். ஒரு தொடரின் முகப்புப் பாடலை அத்தொடரின் நாயகனோ நாயகியோ பாடினால் எவ்வாறிருக்குமோ அவ்வாறு பாடிக்காட்டுவது அது. பாடுபவர் மாணவராக இருக்கலாம், அலுவலகப் பணியாளராகவும் இருக்கலாம். பெரும்பாலும் புனைபெயர் மட்டுமே தெரியும், முகம் தெரியாது.

இவ்வழக்கம் இணையத்தின் பிள்ளை என்று கருதுவோர் உளர். அதன் முன்னோர் எடோ நகரத்து நாடகக் கொட்டகைகளின் வாயிலில் நிற்கின்றனர்.

கிளிக்கல்

கபுகி நாடக நடிகரின் பேச்சைப் போலப் பேசிக்காட்டும் கலைக்கு ஜப்பானியர் 'கொவாஇரோ' எனப் பெயரிட்டனர். 'குரலின் நிறம்' என்பது அதன் சொற்பொருள். நடிகர் பேசிய சொற்களை அன்று, அச்சொற்களுக்கு அவர் ஏற்றிய நிறத்தைப் பிடிப்பதே கலை என்னும் கருத்து இப்பெயரிலேயே அடங்கியுள்ளது. விருந்துகளில் கேளிக்கை செய்வோரும் இதனைத் தொழிலாக நிகழ்த்தினர். கட்டைத்தாளமும் சேகண்டியும் தட்டிக்கொண்டு கேளிக்கைத் தெருக்களில் நடந்து, அழைத்தவரின் வாயிலில் நின்று, புகழ்பெற்ற நடிகரின் குரலில் பேசிப் பொருள் பெற்றவர்களும் இருந்தனர்.

தொழிற்கலைஞரைவிட இக்கட்டுரைக்கு முதன்மையானவர்கள், காசு கொடுத்து நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய நகரத்து மக்கள். அவர்களுக்கென்று 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறு நூல்கள் அச்சாகி விற்பனையாயின. ஒரு நாடகத்தின் சிறந்த வசனங்களை மட்டும் தொகுத்து, எந்த நடிகர் பேசியது என்ற குறிப்புடன் தருபவை அவை. வாங்கியவர் அவற்றை மௌனமாக வாசிப்பதற்காக வாங்கவில்லை. உரக்கப் பேசிப் பயில்வதற்காக வாங்கினார். இந்நூல்களுக்கு 'ஓமுசெகி', அதாவது 'கிளிக்கல்' என்று பெயர். இசே நாட்டுப் பகுதியில் மனிதர் பேசுவதை அப்படியே எதிரொலிக்கும் பாறை ஒன்றின் பெயர், சொன்னதைச் சொல்லும் கிளியின் பெயரோடு சேர்ந்து நூல்வகையொன்றின் பெயராயிற்று.

கிளிக்கல் நூல்கள் இரண்டு செய்திகளை உணர்த்துகின்றன. பாவனை செய்ய விரும்பும் பொதுமக்கள் ஒரு பதிப்புத் தொழிலையே தாங்கும் அளவினராக இருந்தனர் என்பது வெளிப்படை. மற்றொன்று சற்று நுட்பமானது. நூல் வசனத்தைத் தந்தது. குரலைத் தரவில்லை, தரவும் இயலாது. ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் பாவனையாளரின் கையிலிருந்தது எழுத்தும் நினைவுமே. நடிகரின் குரல் கொட்டகையிலேயே கரைந்துவிட்டது. மீட்டெடுக்கப்பட்டது கேட்டவரின் நினைவில் நின்ற குரல்.

இம்மரபு திரைப்படத்திற்குள்ளும் புகுந்தது. 1910களில் மௌனப்படங்களுக்குத் திரையருகே பலர் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக, நடிகரின் குரற்பாவனையில் பேசினர். இவர்களைக் 'கொவாஇரோ பென்ஷி' என்றனர். வாய் அசைக்கும் உருவம் ஒன்று, குரல் தரும் உடல் வேறொன்று என்னும் ஏற்பாடு ஜப்பானியப் பார்வையாளருக்கு அசைவுப்படம் வருமுன்னரே பழகியிருந்தது.

பாட்டின் குரலும் பாத்திரத்தின் குரலும்

ஒசாமு தெஸுகாவின் 'தெத்ஸுவான் அதோமு' 1963 ஜனவரி 1 அன்று புஜி தொலைக்காட்சியில் தொடங்கிற்று. முதற்கண் சொற்களின்றி இசையாக மட்டும் ஒலித்த அதன் முகப்பிற்குக் கவிஞர் ஷுந்தாரோ தனிகாவா பாட்டெழுதினார். இசை தாத்ஸுவோ தகாய். பாடியது கமிதகதா சிறுவர் இசைக்குழு. தொடரில் அதோமுக்குக் குரல் கொடுத்தவரோ மரி ஷிமிசு என்னும் பெண். சிறுவனுக்குச் சிறுவனையே பேசவைத்தால் ஓரிரு ஆண்டில் அவன் குரல் உடைந்துவிடும். ஆகவே சிறுவர் பாத்திரங்களுக்குப் பெண்கள் குரல் தருவது வழக்கமாயிற்று. ஒரே தொடரில் பாட்டின் குரல் ஒரு கூட்டத்தினுடையது; பாத்திரத்தின் குரல் ஒரு பெண்ணினுடையது; உருவம் ஓர் இயந்திரச் சிறுவனுடையது.

தமிழ்த் திரைப்படத்திற் பின்னணிப் பாடகரின் குரல் நடிகரின் வாயசைவோடு இணைந்து, அது அந்நடிகரின் பாட்டாகவே மக்கள் மனத்தில் பதிவதை இதனோடு ஒப்பிடலாகாது. அனிமே முகப்பில் நாயகன் வாயசைப்பதில்லை. அவன் பறக்கிறான், ஓடுகிறான், போரிடுகிறான். பாட்டு அவனைப் பற்றி ஒலிக்கிறது. இங்கு இலக்கண நோக்கொன்று தேவைப்படுகிறது. அதோமு பாட்டு நாயகனைப் படர்க்கையில் வைத்துப் புகழ்வது. 1972இல் தொடங்கிய 'மசிங்கர் இசட்' தொடரின் முகப்புப் பாடலை இச்சிரோ மிஸுகி முழங்கினார். அதுவும் இயந்திரத்தின் பெயரை விளித்துப் போற்றுவதே. இவ்வகைப் பாடல்களை நாயகனின் குரலில் ஒருவர் பாடினால், படர்க்கைப் புகழ்ச்சி தற்புகழ்ச்சியாக மாறிவிடும். பயில்முறைப் பாடகரின் பாவனையில் நகைச்சுவை இழையொன்று தொடக்கத்திலிருந்தே கலந்திருப்பதற்கு இவ்விலக்கண முரணும் ஒரு காரணம்.

இம்முரணை உடைத்த பாத்திரம் டோராஎமோன். 1979ஆம் ஆண்டுத் தொடரின் முகப்புப் பாடலைப் பாடியவர் குமிகோ ஓசுகி. பாட்டின் இடையே நோபுயோ ஓயாமா டோராஎமோனாகச் சில வசனங்களைப் பேசிச் செல்வார். குழந்தையின் ஏக்கத்தை ஒரு குரல் பாட, அதற்கு விடைபோல் இன்னொரு குரல் பேசும் அமைப்பு இது. இருவர் சேர்ந்து பாடும்போது ஒருவர் பாட்டையும் மற்றவர் பேச்சையும் எடுத்துக்கொள்ள இதனினும் வாய்ப்பான பாட்டு இல்லை. அத்தொடரின் இன்னொரு பாடலின் தலைப்பே 'நான் டோராஎமோன்' எனப் பொருள்படுவது. அதனை ஓயாமாவே ஒரு குழுவினருடன் பாடினார். படர்க்கை தன்மையாயிற்று. ஓயாமாவின் கரகரத்த குரல் ஜப்பானில் எவரும் ஒருமுறையேனும் பாவனை செய்து பார்க்கும் குரலாக மாறியது. தொண்டையைச் சற்று இறுக்கி நான்கு சொல் பேசினால் போதும், கேட்பவர் சிரித்துவிடுவர்.

1980களிலிருந்து வேறொரு திருப்பம். இசைத்தட்டு நிறுவனங்கள் தம் பாடகர்களின் புதிய பாட்டுகளை அனிமேத் தொடர்களின் முகப்பில் வைக்கத் தொடங்கின. 1983இல் 'கேட்ஸ் ஐ' தொடருக்கு அன்ரி பாடியது, 1987இல் 'சிட்டி ஹன்டர்' தொடரின் நிறைவில் டி.எம். நெட்வொர்க் பாடியது ஆகியன பெருவெற்றி பெற்றன. நாயகனின் பெயரோ கதையோ பாட்டில் இருக்க வேண்டிய கட்டாயம் மறைந்தது. 2002இல் தொடங்கிய 'நாருதோ' இதன் தெளிவான முடிநிலை. நாருதோ என்னும் சிறுவனுக்குக் குரல் ஜுங்கோ தகேஉச்சி என்னும் பெண். முகப்புப் பாடல்களைப் பாடியவை ஹவுண்ட் டாக், ஏசியன் குங்பூ ஜெனரேஷன், ஃப்ளோ போன்ற ஆடவர் இசைக்குழுக்கள். இப்பாடலொன்றை நாருதோவின் குரலில் பாடும் மாணவி எதை நகலெடுக்கிறாள்? தொடரிலோ இசைத்தட்டிலோ அப்படியொரு முகப்பு ஒலிக்கவில்லை. பாத்திரத்தின் பேச்சு ஓரிடத்திலும் பாட்டு வேறோரிடத்திலும் உள்ளன. இரண்டும் சந்திப்பது அவள் தொண்டையில் மட்டுமே. கிளிக்கல் நூலை வாங்கிய எடோ நகரத்தாருக்கும் அவளுக்கும் உள்ள வேறுபாடு இங்குப் புலப்படுகிறது. அவர் கேட்டதை நினைவிலிருந்து மீட்டார். அவள் கேளாததைக் கற்பனையிலிருந்து கொணர்கிறாள்.

வெற்று இசைக்குழு

பொதுமக்கள் மேடையேறிப் பாடுவதற்கு ஜப்பானில் 1946 ஜனவரியில் வானொலி வழி திறந்தது. என்.எச்.கே. நடத்திய 'நொதோஜிமன்' நிகழ்ச்சியின் பெயர் 'தொண்டைப் பெருமை' எனப் பொருள்படும். தேறாதவருக்கு மணி அடித்து நிறுத்துவர். பின்னாளில் நாடே போற்றிய ஹிபாரி மிசோரா சிறுமியாக இந்நிகழ்ச்சியில் பாடியபோது, பெரியவரைப் போலப் பாடுவது சிறுவருக்குத் தகாது எனக் கருதி நடுவர்கள் ஏற்கவில்லை என்னும் செய்தி பலமுறை எடுத்துரைக்கப்படுகிறது. பயில்முறைப் பாடகர் தம் வயதுக்கும் நிலைக்கும் உரிய குரலிலேயே பாட வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அக்காலத்தில் எத்துணை வலியது என்பதை இச்செய்தி காட்டும்.

பிறர் குரலை எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தந்தது மேடையன்று, மூடிய அறை. கரோக்கி என்னும் சொல் 'வெற்று' என்னும் பொருள்தரும் 'கரா'வும் 'இசைக்குழு'வைக் குறிக்கும் சொல்லின் குறுக்கமும் சேர்ந்தது. 1967இல் ஷிகெய்ச்சி நெகிஷியும் 1971இல் கோபே நகரத்து தைசுகெ இனோஉவேயும் தனித்தனியே இத்தகைய பொறிகளை உருவாக்கினர். இனோஉவே தம் பொறிக்குக் காப்புரிமை பெறவில்லை. மதுக்கடைகளில் நடுத்தர வயது ஆடவரிடம் இருந்த வரை இப்பொறியில் அனிமேக்கு இடம் குறைவே. 1980களின் நடுப்பகுதியில் தனியறைக் கரோக்கி பரவியபின் பள்ளி மாணவர் உள்ளே வந்தனர். ஓகயாமா மாவட்டத்திற் பழைய சரக்குப் பெட்டகமொன்றைப் பாடும் அறையாக்கியதே இதன் தொடக்கம் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. 1992இல் தொலைபேசிக் கம்பிவழிப் பாட்டுத் தரவை அனுப்பும் முறை வந்தது. கடையில் தட்டுகளை அடுக்கிவைக்கும் இடநெருக்கடி ஒழிந்தது. சிலரே கேட்கும் பாட்டையும் பட்டியலில் வைத்திருக்க முடிந்ததால் அனிமேப் பாடல்கள் பெருகின. சுருதியை ஏற்றவும் இறக்கவும் பொத்தான் இருந்தமையால் ஆடவர் பாட்டைச் சிறுமியின் குரலிலும், சிறுமியின் பாட்டை முரட்டுக் குரலிலும் பாட வழி உண்டாயிற்று.

வீட்டிலும் ஒரு வசதி வந்தது. 1988 பிப்ரவரியில் ஜப்பானில் 8 செ.மீ. குறுந்தட்டு அறிமுகமானது. ஒரு பாட்டுக்காக வாங்கும் இத்தட்டுகளில் அப்பாட்டின் குரல் நீக்கிய இசையையும் சேர்ப்பது வழக்கமாயிற்று. கிளிக்கல் நூல் வசனத்தைத் தந்து குரலுக்கு இடம் விட்டதுபோல, இத்தட்டு இசையைத் தந்து குரலுக்கு இடம் விட்டது. அச்சாக இருந்தது ஒலியாயிற்று. விடப்பட்ட வெற்றிடம் ஒன்றே.

பாத்திரமே பாடகராதல்

பயில்முறைப் பாடகர் அறைகளுக்குள் செய்ததை இசைத்தொழிலும் செய்யத் தொடங்கிற்று. 1982இல் வெளிவந்த 'மக்ரோஸ்' தொடரில் லின் மின்மே என்னும் பாடகிப் பாத்திரத்திற்கு மரி ஈஜிமா பேசவும் பாடவும் செய்தார். ஆயினும் அத்தொடரின் முகப்புப் பாடல் ஓர் ஆடவருடையது. 1983இல் தொடங்கிய 'கிரீமி மாமி'யில் தகாகோ ஓதா என்னும் இளம்பாடகி நாயகிக்குக் குரல் தந்ததோடு முகப்புப் பாடலையும் பாடினார். இவ்விரு தொடர்களிலும் பாத்திரம் கதைக்குள்ளேயே பாடகியாதலின், அவள் பாடுவதற்குக் கதையே காரணம் காட்டியது.

காரணம் காட்ட வேண்டிய தேவை 2006இல் அற்றுப்போயிற்று. 'சுசுமியா ஹருஹி' தொடரின் நிறைவுப் பாடலை மூன்று நாயகியரின் குரல் நடிகையரே பாடினர். அடுத்த ஆண்டு 'லக்கி ஸ்டார்' முகப்புப் பாடலை நால்வர் பாத்திரக் குரலிற் படபடவெனக் கொட்டினர். 2009இல் 'கே-ஆன்!' தொடர் பள்ளி இசைக்குழுவொன்றின் கதையாக அமைந்தது. அக்குழுவின் பெயரில் வெளிவந்த சிறு இசைத்தொகுப்பு ஓரிகோன் வாரப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2010இல் அக்குழுவின் பெயரிலேயே வந்த தனிப்பாட்டும் முதலிடத்தை எட்டியது. இத்தகைய தட்டுகளின் உறையிற் பெயரிடும் முறை உற்று நோக்கத்தக்கது. பாத்திரத்தின் பெயர் முன்னே வரும். குரல் நடிகரின் பெயர் அடைப்புக்குள் 'சி.வி.' என்னும் எழுத்துகளை அடுத்து நிற்கும். பாத்திரக் குரல் என்பதன் சுருக்கம் அது. பாடியவர் பாத்திரம், உயிருள்ள பெண் அதற்கு அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு.

இதனால் பயில்முறைப் பாடகரின் நிலை மாறியது. முன்பு அவர் பாடியதற்கு மூலம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க யாராலும் இயலாது. இப்போது மூலம் வந்துவிட்டது. ஒத்திருக்கிறதா, இல்லையா என்னும் கேள்வி எழுந்தது. கற்பனைக்கு இருந்த இடம் சுருங்கி, துல்லியத்திற்கு இருந்த மதிப்பு கூடிற்று. இதனை வளர்ச்சி எனக் கொள்வதற்குத் தயக்கம் உண்டு.

இருகுரலிகள்

நிக்கோ நிக்கோ தளத்திற் பார்வையாளர் எழுதும் சொற்கள் காணொளியின் மீதே, அவர் எழுதிய நொடியிலேயே, வலமிருந்து இடமாக ஓடும். பாட்டின் எந்த அசையில் பாத்திரம் வெளிப்பட்டது என்பதைக் கேட்போர் அவ்வசையின்மேலேயே குறித்துவிடுவர். குரற்பாவனைக்கு இதனினும் நுட்பமான உரைகல் முன்னர் இருந்ததில்லை. கிடைக்கக்கூடிய பாராட்டுகளுள் உயர்ந்தது 'ஹொன்னின்', அதாவது 'அவரே தான்' என்பது. பாடியவரைப் புகழும் சொல், பாடியவர் அங்கு இல்லை என்றே சொல்கிறது.

ஒரே பாட்டில் ஆண்குரலும் பெண்குரலும் மாறிமாறிப் பாடுவோருக்கு அத்தளத்தார் வைத்த பெயர் 'ரியோசெய்ருயி'. நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்களைக் குறிக்கும் சொல்லில் 'வாழ்வு' என்னும் எழுத்தை நீக்கி, அதே ஒலிப்புடைய 'குரல்' என்னும் எழுத்தை இட்ட சிலேடை இது. இருவாழ்வி என்பதை 'இருகுரலி' என்று மாற்றினாற்போல. சிறுவருக்குப் பெண் குரல் தரும் அறுபதாண்டு வழக்கத்திற் பழகிய செவிகளே இத்தகையோரை எளிதில் ஏற்றுக்கொண்டன எனலாம்.

பேச்சைவிடப் பாட்டில் பாத்திரத்தை நிறுத்துவது கடினம். அனிமேப் பாத்திரங்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் அடையாளம் பெறுகின்றன. 'உருசெய் யாத்சுரா'வின் லம் 'தச்சா' என்று முடிப்பாள். நாருதோ 'தத்தேபயோ' என்பான். பாட்டின் சொற்கள் பிறர் எழுதியவை. அங்கு இவ்விறுதிகளுக்கு இடமில்லை. பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் மெட்டு பறித்துக்கொள்கிறது. எஞ்சுவது உயிரொலிகளின் நிறம் ஒன்றே. குரல்வளையை உயர்த்தினால் ஒலிவழியின் நீளம் குறைந்து, ஒலி சிறுவருடையது போலாகும். தாழ்த்தினால் முதிர்ந்தவருடையது போலாகும். ஆனால் உச்சத்தில் நீட்டிப் பாடுகையில் குரல்வளை தன் போக்கில் எழும்; பிடித்து வைத்த நிறம் நழுவும். பாவனை உடைவது பெரும்பாலும் நீண்ட சுரங்களில்தான். தேர்ந்தவர் அவ்விடத்தை விரைந்து முடித்துவிட்டு, சரணங்களுக்கிடையே உள்ள வெறும் இசையில் பாத்திரத்தின் வசனம் ஒன்றைப் பேசி, நழுவியதை மீட்டுக்கொள்வார். ஓயாமா 1979இல் பாட்டிடையே பேசிய உத்தியே இங்கு வேறு வடிவிற் பயன்படுகிறது.

2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியான ஹத்ஸுனே மிக்கு என்னும் பாடும் மென்பொருள், குரல் நடிகை சகி புஜிதாவின் ஒலித்துண்டுகளால் ஆனது. மென்பொருள் பாடியதை மனிதர் மீண்டும் பாடிப் பார்த்தனர். பயில்முறைப் பாடகருட் பலர் அனிமேப் பாட்டை விட்டு அப்பக்கம் சென்றது தனி வரலாறு.

குரலுக்கு உரியவர்

1939இல் தோன்றிய ஜாஸ்ராக் என்னும் இசையுரிமைக் கழகம், 2008இல் நிக்கோ நிக்கோ தளத்துடன் ஒப்பந்தம் செய்தது. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய தொகையைத் தளமே செலுத்தும். எனவே ஒருவர் தாமே பாடிப் பதிவேற்றுவதற்குத் தடை நீங்கிற்று. ஆனால் பதிவுசெய்யப்பட்ட ஒலியின் உரிமை இசைத்தட்டு நிறுவனத்தினுடையது. தட்டிலிருந்த குரல் நீக்கிய இசையை அப்படியே பயன்படுத்த இவ்வொப்பந்தம் இடந்தரவில்லை. அதனால் இசையையும் தாமே உருவாக்கிப் பிறருக்கு வழங்கும் பயில்முறை இசைஞர் கூட்டம் ஒன்று பாடகரின் பின்னே எழுந்தது.

எழுதியவர், இசைத்தவர், பதிந்தவர் ஆகியோரைச் சட்டம் அறியும். பாவனை செய்யப்பட்ட குரலின் நிறத்திற்கு உரியவர் எவர் என்பதில் அது தெளிவாகப் பேசவில்லை. ஜப்பானிய உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று 'பிங்க் லேடி' வழக்கில், ஒருவரின் பெயர், உருவம் முதலியவற்றின் வணிக ஈர்ப்பைத் தாமே பயன்படுத்தும் உரிமையை ஏற்றது. 'முதலியன' என்பதனுள் குரல் அடங்குமா என்பது உரைகாரர்களுக்கு விடப்பட்டது. அவ்வழக்கின் பின்னணி சுவையானது. பாடகியர் இருவரின் நடன அசைவுகளைப் பின்பற்றி உடல் மெலியலாம் எனப் பெண்கள் இதழொன்று எழுதி, அவர்களின் பழைய படங்களை இசைவின்றி வெளியிட்டது. பாடகியர் வழக்கில் தோற்றனர். பொதுமக்களின் பாவனைக்குத் துணைபுரியும் கட்டுரை, அவர்களின் ஈர்ப்பை விற்பதையே நோக்கமாகக் கொண்டதன்று என நீதிமன்றம் கருதியது.

மனிதர் தொண்டையால் செய்யும் பாவனையைக் குரல் நடிகருலகம் பெரும்பாலும் பொறுத்தே வந்துள்ளது. 'டிராகன் பால்' நாயகன் கோகுவுக்குப் பல்லாண்டுகளாகக் குரல் தரும் மசாகோ நொசாவாவைப் பாவனை செய்தே பெயர்பெற்ற நகைச்சுவைக் கலைஞரும் உண்டு. 2024 அக்டோபரில் குரல் நடிகர் சிலர் ஒன்றுசேர்ந்து எதிர்ப்புக் குரல் எழுப்பியது மனிதப் பாவனைக்கு எதிராக அன்று. தம் குரலைக் கேளாமல் எடுத்துச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பேசவும் பாடவும் வைப்பதற்கு எதிராகவே. ஒரு பாத்திரம் தான் பாடாத பாட்டைப் பாடுவதாகக் காட்டும் அதே செயலைப் பொறி செய்கிறது. கேட்பவர் செவிக்கு விளைவு ஒன்றாகத் தோன்றலாம். ஆனால் மாணவி நாருதோவாகப் பாடுகையில் அங்கே உழைப்பது அவள் தொண்டை. பொறி பாடுகையில் எடுக்கப்படுவது தகேஉச்சி போன்றோரின் தொண்டை.

பாவனையாளருக்கும் உரியவருக்கும் இடையிலான கோடு ஒருமுறை முற்றிலும் அழிந்ததுண்டு. 'லூபன் III' தொடரில் 1971 முதல் நாயகனுக்குக் குரல் தந்தவர் யசுவோ யமாதா. அவர் 1995 மார்ச்சில் காலமானார். அடுத்த மாதமே வெளிவரவிருந்த திரைப்படத்திற்கு லூபன் தேவைப்பட்டான். தயாரிப்பாளர்கள் அணுகியது கன்இச்சி குரிதாவை. போலப் பாடியும் பேசியும் காட்டும் தொலைக்காட்சிப் போட்டிகளால் அறியப்பட்டவர் அவர். அவருடைய பாவனைகளுள் ஒன்று யமாதாவின் லூபன். பாவனை அன்றிலிருந்து மூலமாயிற்று. யமாதா அப்பாத்திரத்தில் இருந்தது ஏறத்தாழ 24 ஆண்டுகள்; குரிதா அக்காலத்தைக் கடந்தும் லூபனாக இருந்துவருகிறார். 1995க்குப் பின் பிறந்த ஒருவர் இன்று கரோக்கி அறையில் லூபனின் குரலெடுத்துப் பாடினால், அவர் செவியில் நிற்பது குரிதாவின் குரல்.